மணிமுடியில் அடை கிடந்த கோழி

முன்னொரு காலத்தில் என்றுதான் இதையும் தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு இப்போது ஓடும் வழியில் ஓடாமல், இன்னும் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி ஓடிய காலம் அது. அந்த ஆற்றின் தென்கரை நாட்டை நன்னிமாறர் என்ற மன்னர் ஆண்டுவந்தார்.

நல்ல மன்னர்தான். ஆனால் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஆற்றின் நடுவே கிடந்த ஒரு மணல் திட்டுக்காக வடகரை நாட்டோடு போர் நடந்தது. இரண்டு பக்கமும் நிறைய ஆட்கள் மாண்டார்கள். அடுத்து வந்த வெள்ளத்தில் அந்தத் திட்டே கரைந்து போய்விட்டது. திட்டு போன பிறகும் பகை போகவில்லை, மன்னருக்குத் தூக்கமும் வரவில்லை. தந்தத்தில் கடைந்த மூன்று உருண்டைகளை உள்ளங்கையில் உருட்டியபடி மாடத்தில் நடந்துகொண்டே இருப்பார். கடக், கடக் என்று சத்தம் கேட்டால், மன்னர் இன்னும் விழித்திருக்கிறார் என்று காவலர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு பிற்பகல். தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மன்னர் தோட்டத்து மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். தலை கனத்ததால் மணிமுடியைக் கழற்றிப் பட்டு மெத்தையின் மேல் தலைகீழாக, வாய் மேலாக வைத்தார். தந்த உருண்டைகளையும் அதற்குள் போட்டுவிட்டு, தூணில் சாய்ந்து கண்ணை மூடினார்.

அதே நேரத்தில் மடைப்பள்ளி முற்றத்தில் ஒரு செம்பட்டைக் கோழி அல்லாடிக்கொண்டிருந்தது. அதற்கு அடை வந்திருந்தது. விறகுக் குவியலுக்குள் அது ஒளித்து வைத்த முட்டைகளை எல்லாம் சமையல்காரர் எடுத்துவிட்டு, அதையும் விரட்டிவிட்டார். சிறகை உப்பிக்கொண்டு, கேறிக்கொண்டு, நனைந்தபடி அது மண்டபத்துக்குள் வந்தது. பட்டு விரித்த பள்ளம் ஒன்றைக் கண்டது. அதற்குள் வெள்ளையாக, உருண்டையாக மூன்று. அதற்கு வேறென்ன வேண்டும்? மெதுவாக உள்ளே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, உருண்டைகளை அலகால் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மன்னர் கனவு கண்டுகொண்டிருந்தார். கனவில் எங்கும் பனிமூட்டம். அவர் தலையில் இருந்த முடிக்குள் மழைநீர் நிரம்பிக்கொண்டே வந்தது. கழுத்து முறிந்துவிடும் போலிருந்தது. அப்போது வெதுவெதுப்பான ஏதோ ஒன்று வந்து முடியின் மேல் அமர்ந்தது. நீர் போன இடம் தெரியவில்லை, பாரமும் இறங்கிவிட்டது. பனி விலகியபோது எதிர்க்கரையில் வெயில் அடித்தது. போரில் மாண்டவர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து ஈரத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்தார்கள். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது தோட்டத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் தூங்கியிருந்தார். திரும்பிப் பார்த்தால், முடிக்குள் கோழி.

“கொர்ர்ர்” என்றது கோழி, கழுத்து இறகைச் சிலிர்த்து.

“இரு, இரு. ஒன்றும் செய்ய மாட்டேன்” என்றார் மன்னர். பிறகு மெல்லக் கேட்டார்: “நீயா அது?”

அன்று முதல் மன்னரின் படுக்கை மண்டபத்துக்கு வந்துவிட்டது. கோழி அடையில் மூச்சு விடும் சத்தம், இடையிடையே தனக்குத்தானே முனகும் சத்தம், இவற்றைக் கேட்டுக்கொண்டே அவர் தூங்கிப்போவார். அரண்மனை முழுவதும் ஓர் அமைதி படர்ந்தது. யானை மணிகளுக்குத் துணி சுற்றினார்கள். பணிப்பெண்கள் கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். நாழிகை மணி அடிப்பவன் மணிக்குப் பதிலாகத் தன் தொடையில் தட்டிக்கொண்டான். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்குத் தாங்கள் தண்ணீருக்கடியில் நடப்பது போல் இருக்கும்.

உச்சி வேளையில் ஒருமுறை மட்டும் கோழி எழுந்து போகும். அவசர அவசரமாக நாலு குருணை கொத்தி, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டுவிட்டுத் திரும்பிவரும். அதுவரை மன்னரே மெத்தைக்குப் பக்கத்தில் காவல் இருப்பார்.

இப்படி இருக்கும்போது வடகரையிலிருந்து தூது வந்தது. அந்நாட்டு முதிய மன்னர் சமாதானத்துக்கு இசைந்துவிட்டார். வரும் பௌர்ணமியன்று காலையில் அவர் படகில் வருவார். இரு மன்னர்களும் முடி சூடி, ஒரே இருக்கையில் அமர்ந்து, பகையை முடிக்க வேண்டும். வடகரை வழக்கப்படி முடி இல்லாமல் அமரும் மன்னன் தோற்ற மன்னன். தோற்றவனோடு சமாதானம் பேச மாட்டார்கள், கப்பம்தான் பேசுவார்கள்.

மந்திராலோசனை மண்டபத்துப் படியிலேயே கூடியது. கருவூல அதிகாரி மாதவராயர் முதலில் பேசினார். மணிமுடி அவருடைய பொறுப்பில் இருந்த பொருள். அது காணாமல் போயிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வருத்தம் வந்திருக்காது. கண்ணெதிரே கோழி உட்கார்ந்திருப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

“மன்னர் பெருமானே, முடியை எடுத்துத் துலக்க வேண்டும். பௌர்ணமி நெருங்கிவிட்டது” என்றார், அடங்கிய குரலில்.

“அவள் இருக்கிறாளே.”

கட்டை விரலில் துணி சுற்றியிருந்த தளபதி முன்னால் வந்தார். அந்தக் கோழியைத் தூக்கப் போய்க் கொத்து வாங்கிய விரல் அது. “மன்னா, தண்ணீர்த் தொட்டியில் இரண்டு முறை முக்கி எடுத்தால் அடைச் சூடு தணிந்துவிடும். இல்லாவிட்டால் மூக்குத் துளையில் ஓர் இறகைச் செருகிவிடலாம். இறகைப் பிடுங்கும் முயற்சியில் அடையை மறந்துவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் செய்வார்கள்.”

மன்னரின் முகம் சிவந்தது. “என் அரண்மனையில் ஒரு தாயின் மூக்கில் இறகு குத்துவீர்களா?”

“அது தாய் இல்லையே மன்னா” என்றார் மாதவராயர். “தந்த உருண்டையில் குஞ்சு வராதே.”

“எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.”

“மதியம் இரைக்கு எழுந்து போகும்போது எடுத்துவிடலாமே?”

“என்னை நம்பி விட்டுவிட்டுப் போகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் எடுத்தால் அது திருட்டு, மாதவராயரே.”

அப்போது கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த அம்பலத்தாடி கோழி கேறுவது போலவே கேறிக் காட்டினான். மன்னர் தம்மை மறந்து புன்னகைத்தார்.

அம்பலத்தாடி அந்த அவையின் விகடன். மாதவராயர் விடிய விடிய எழுதிக்கொண்டு வரும் கணக்கைக் கேட்டு மன்னர் கொட்டாவி விடுவார். அம்பலத்தாடி ஒரு சொல் சொன்னால் திரும்பி உட்காருவார். அந்த வயிற்றெரிச்சல் மாதவராயருக்கு நெடுநாளாக உண்டு. இன்று வழி கிடைத்தது.

“மன்னா, எந்த உயிரையும் பேசியே இணங்க வைப்பேன் என்று அம்பலத்தாடி இந்த அவையில்தானே சொன்னார்? அவரிடமே விடுவோம். கோழியைத் தூக்கக் கூடாது, விரட்டக் கூடாது. முடிக்குள் இருக்கும் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. அதுவாகவே எழுந்து, இனி வேண்டாம் என்று முடியை விட்டுப் போக வேண்டும். பௌர்ணமி விடியலுக்குள் அது நடக்காவிட்டால், பேச்சை நம்பிப் பிழைக்கிறவர் இந்த நாட்டை விட்டே போகட்டும்.”

விளையாட்டுக்குச் சொன்ன சொல் வினையாக வந்து நின்றது. மன்னருக்கும் வேறு வழி தோன்றவில்லை. “உன்னால் முடியுமா?” என்று கேட்டபோது அவர் குரலில் கட்டளையைவிடக் கெஞ்சல்தான் அதிகமாக இருந்தது.

அம்பலத்தாடி கோழியைப் பார்த்தான். அதன் கொண்டை வெளுத்துப்போயிருந்தது. “முயன்று பார்க்கிறேன், மன்னா. ஆனால் பேச்சில் என்னைவிட அவள் பிடிவாதக்காரி” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி உமையாள் கேட்டாள்: “என்னங்க, மூஞ்சி இப்படித் தொங்குது?”

அவன் சொன்னான். மகுடத்தில் கோழி என்றதும் விழுந்து விழுந்து சிரித்தவள், நாடு கடத்தல் என்றதும் சிரிப்பை நிறுத்தினாள்.

“நாட்டை விட்டா? எங்கங்க போறது? நம்ம பேச்சுக்கு வேற ஊர்ல யாரு சிரிப்பாங்க?”

“அதான் எனக்கும் பயம்.”

“அந்தக் கோழிக்குக் கொண்டை வெளுத்திருக்கா?”

“வெளுத்திருக்கு.”

“அய்யோ பாவம். முட்டையா இருந்தாப் பொரிஞ்சதும் எழுந்திருக்கும். தந்தம் எப்படிப் பொரியும்? உக்காந்தே இளைச்சுச் செத்துப்போகும்.” உமையாளும் கோழி வளர்ப்பவள்தான். கொஞ்ச நேரம் யோசித்தாள். “அது குஞ்சுக்காகத்தானே உக்காந்திருக்கு. குஞ்சைக் குடுத்துட்டா?”

அம்பலத்தாடி நிமிர்ந்து உட்கார்ந்தான். “கொண்டுபோய் முன்னால விட்டா எடுத்துக்குமா?”

“நல்லா எடுத்துக்கும்! பகல்ல விட்டீங்கன்னா கொத்தியே கொன்னுடும். நல்லா இருட்டினப்புறம், செட்டைக்கு அடியில ஒவ்வொண்ணாத் தள்ளணும். முந்தாநாள் நேத்துப் பொரிச்ச குஞ்சா இருக்கணும். காலையில கண்ணு முழிச்சதும் தன்னோட குஞ்சுன்னு நெனச்சா நெனைக்கும்.”

“நெனைக்கலைன்னா?”

“அதை நம்ம சொல்ல முடியாது. அது மனசு அது.”

மறுநாள் அம்பலத்தாடி நெசவாளர் தெருவிலும் குயவர் தெருவிலும் குஞ்சு கேட்டு அலைந்தான். மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள் குறைவு. இருந்த சிலரும், “நாளைக்கு வாங்க” என்றார்கள். அவன் குஞ்சு தேடும் செய்தி அதற்குள் மாதவராயரின் காதுக்குப் போய்விட்டது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கூடையோடு சேவகர்களை அனுப்பி, விருந்தாளி மன்னரின் வரவேற்புக்கு என்று சொல்லி, நகரத்தில் இருந்த அத்தனை குஞ்சுகளையும் வாங்கிக் கருவூல அறையில் அடைத்துவிட்டார். அம்பலத்தாடி மறுபடியும் போனபோது தெருவெங்கும் தாய்க்கோழிகள் குஞ்சுகளைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. கேட்கவே மனசுக்கு என்னவோ செய்தது.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் மாலை. இனி நடக்கிற காரியம் இல்லை என்று, படகுக்காரனிடம் அக்கரைக்கு எப்போது படகு என்று விசாரிக்க ஆற்றுத்துறைக்குப் போனான். ஆற்றின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்தப் பனிக்குள் எங்கோ ‘கீச்’ என்று ஒரு சத்தம். இன்னொரு ‘கீச்.’ அவன் சத்தத்தின் பின்னாலேயே நடந்தான். நாணல் வேய்ந்த ஒரு குடிசை தெரிந்தது.

“உள்ளே யாரம்மா?”

“யாரா இருந்தாலும் மெதுவாப் பேசுங்க சாமி. இப்பத்தான் கண் அசருதுங்க.”

நாணல் வெட்டிப் பிழைக்கும் ஒச்சாயி உள்ளே உட்கார்ந்திருந்தாள். மடியில் சேலைத் தலைப்பைச் சுற்றி வைத்திருந்தாள். அதற்குள் பஞ்சுப் பொதி போலக் குஞ்சுகள்.

“தாயைக் காட்டுப்பூனை கொண்டுபோயிருச்சு சாமி. முட்டையை அடுப்போரமா உமியில வெச்சேன். நேத்துப் பொரிச்சிருச்சுங்க. கீழ விட்டா விறைச்சுப்போவுதுங்க. நேத்துலேருந்து நான் எழுந்திருக்கவே இல்ல. வேலைக்குப் போவல, கஞ்சி காய்ச்சல. எத்தனை நாளைக்கு இப்படி உக்காந்திருப்பேன்னு தெரியல.”

அம்பலத்தாடி குனிந்து உள்ளே வந்தான். “தாயே, இதுகளுக்கு ஒரு அம்மா இருக்கு. அரண்மனையில இருக்கு.”

“அரமணையிலயா? அரமணையில கோழிக்குஞ்சுக்கு எண்ணெய்ச் சட்டியிலதான் எடம். போயிட்டு வாங்க சாமி.”

அவன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மன்னரின் கனவையும், மூன்று உருண்டைகளையும், கொண்டை வெளுத்த கோழியையும், தன் தலைக்கு வந்ததையும். ஒச்சாயி வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ராசாவே காவலுக்கு உக்காந்திருக்காரா?”

“உச்சி வேளையில தினமும்.”

“அப்ப நானும் வாரேன். என் கையாலதான் விடுவேன். உங்களை நம்பிக் குடுக்க மாட்டேன்.”

மண்டபத்தின் வாசலில் மாதவராயர் காவல் போட்டிருந்தார். முடிக்குள் இருக்கும் எதையாவது யாராவது எடுத்துப் போகிறார்களா என்று, வெளியே வருகிறவர்களைத் தலை முதல் கால் வரை சோதிக்க உத்தரவு. உள்ளே போகிறவர்களைப் பற்றி உத்தரவு ஒன்றும் இல்லை. அம்பலத்தாடி குஞ்சுகளைத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். ஒச்சாயி, மன்னருக்கு நாணல் பாய் கொண்டுவந்தவளாகப் பின்னால் வந்தாள்.

வாசலைத் தாண்டும் நேரத்தில் தலைப்பாகை ‘கீச்’ என்றது.

காவலன் நிமிர்ந்தான். அம்பலத்தாடி உடனே தானும் “கீச்” என்றான். “கோழியோடு பேச வேண்டாமா? பழகிப் பார்க்கிறேன், தம்பி.”

“அப்படியே குஞ்சு மாதிரியே இருக்குங்க” என்று காவலன் வியந்து வழிவிட்டான்.

உள்ளே மன்னர் தூங்கிக்கொண்டிருந்தார். தூண்களுக்கிடையில் நிலா வெளிச்சம் பால் போலக் கிடந்தது. ஒச்சாயி விளக்கைக் கையால் மறைத்து அணைத்தாள். அம்பலத்தாடி ஒரு குஞ்சை எடுத்து நீட்டியதும் கோழி “கொர்ர்” என்று அவன் மணிக்கட்டில் ஒரு கொத்துக் கொத்தியது. ரத்தம் வந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“நீங்க தள்ளிக்கிங்க” என்று ஒச்சாயி காதோடு சொன்னாள். தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கோழியின் மார்புக்கடியில் மெல்ல மெல்ல நுழைத்தாள். கோழி முனகியது. அசையவில்லை. முதல் குஞ்சு ‘கீச்’ என்றது. சிறகின் சூடு பட்டதும் பேசாமல் ஆகிவிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக அழுகை அடங்கி உள்ளே போயிற்று.

மன்னர் புரண்டு படுத்தார். “யார் அது?”

அம்பலத்தாடிக்கு உயிரே போயிற்று. “கனவு, மன்னா” என்றான்.

“நல்ல கனவா?”

“விடிந்தால்தான் தெரியும், மன்னா.”

“சரி” என்று மன்னர் மறுபடியும் தூங்கிவிட்டார்.

கடைசிக் குஞ்சு கன்னங்கரேல் என்று இருந்தது. கோழியோ செம்பட்டை. மற்ற குஞ்சுகளும் அந்த வகை நிறம்தான். “இதைத்தான் ஒதுக்கிருமோன்னு பயமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒச்சாயி அதை உள்ளே விட்டாள். பிறகு அவள் தூணுக்குப் பின்னால் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். போக மாட்டேன் என்று தலையசைத்தாள்.

அம்பலத்தாடி மட்டும் வெளியே வந்தான். காவலன் அவன் தலைப்பாகையை அவிழ்த்து உதறினான். இரண்டு மூன்று பஞ்சு இறகுகள் பறந்தன. வேறு ஒன்றும் இல்லை.

பொழுது புலரும்போது பனி மண்டபப் படி வரைக்கும் வந்து நின்றது. மன்னரை எழுப்பியது ஒரு புதுச் சத்தம். முன்பு கேட்ட முனகல் இல்லை. ‘கொக்... கொக்... கொக்...’ என்று தாழ்ந்த குரலில், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்ற சத்தம்.

அவையோர் எல்லாம் வந்து நின்றார்கள். கோழி எழுந்து நின்றது. அதன் சிறகுக்கடியிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. யாரோ “ஆ” என்றார்கள். மன்னர் மூச்சு விடவே மறந்து போனார்.

கறுப்புக் குஞ்சு வெளியே வந்ததும் கோழி தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது. தூணுக்குப் பின்னால் ஒச்சாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கோழி அலகை நீட்டி, அந்தக் குஞ்சின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு பட்டு நூலை எடுத்துப் போட்டது. பிறகு முடியை விட்டு இறங்கி, மெத்தையைத் தாண்டி, தரைக்கு வந்தது. குஞ்சுகள் மாணிக்கக் கற்களில் கால் வைத்து உருண்டு விழுந்து பின்னாலேயே ஓடின. கறுப்பன் கடைசி. அவன் விழுந்து எழும் வரை கோழி நின்று கூப்பிட்டது. எல்லாம் சேர்ந்ததும் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிற்று. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“மோசம்!” என்று ஒரு குரல் கேட்டது. மாதவராயர் வேகமாக வந்துகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன, சால்வை கசங்கியிருந்தது. “மன்னா, இது மோசடி! தந்தத்தில் குஞ்சு வருமா? இவர் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்!”

“ஆமாம்” என்றான் அம்பலத்தாடி.

“ஒப்புக்கொள்கிறார்! ஆணையை மீறினார்!”

“ஆணை என்னவென்று நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள், கருவூலத்தாரே.”

“தூக்கக் கூடாது, விரட்டக் கூடாது. முடிக்குள் இருக்கும் எதையும் வெளியே எடுக்கக் கூடாது!”

“தூக்கவில்லை. விரட்டவில்லை. மூன்று உருண்டையும் அதோ முடிக்குள்ளேயே இருக்கின்றன. நான் ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு உங்கள் காவலனே சாட்சி. எடுக்கக் கூடாது என்றீர்கள், எடுக்கவில்லை. வைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?”

அவையில் சிரிப்பு எழுந்தது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. “அம்பலத்தாடி, அவளை நீ ஏமாற்றிவிட்டாயா?” என்று கேட்டார்.

அவன் தலை குனிந்தான். “தாயைப் பூனைக்குக் கொடுத்த குஞ்சுகள், மன்னா. அவளுக்குக் குஞ்சு வேண்டியிருந்தது. அவற்றுக்குத் தாய் வேண்டியிருந்தது. இனி ஏமாற்று இதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.”

“இருக்கிறது!” என்று மாதவராயர் கையை உயர்த்தினார். “கோழிக்குஞ்சுகளை ஒளித்துவைத்து அரசரையே ஏய்ப்பது... இப்படியும் ஒரு மனிதர் செய்வாரா...”

அவர் முடிப்பதற்குள் தாழ்வாரத்தில் மழை பெய்வது போல் ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். வந்த வேகத்தில் மாதவராயர் கருவூலக் கதவைச் சாத்த மறந்திருக்க வேண்டும். நகரத்துக் குஞ்சுகள் அத்தனையும் ‘கீச் கீச்’ என்று கத்திக்கொண்டு வளைவைத் தாண்டி ஓடிவந்தன. தளபதியைத் தாண்டின, மன்னரைத் தாண்டின, நேராக மாதவராயரின் காலடிக்கு வந்து, வேட்டி மடிப்புக்குள்ளும் சால்வை நுனிக்குள்ளும் புகுந்துகொண்டன. புகுந்ததும் அழுகையை நிறுத்திவிட்டன.

மாதவராயர் அசையாமல் நின்றார். காலைத் தூக்கினால் ஏதாவது ஒன்று மிதிபட்டுவிடும்.

“இது என்ன, மாதவராயரே?” என்று மன்னர் கேட்டார்.

“மன்னா... அரசாங்கப் பொருள். குளிரில் செத்துவிடும் போலிருந்தது. அதனால்... சால்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.”

“இரவெல்லாமா?”

“இரவெல்லாம், மன்னா.”

அப்போதுதான் மன்னர் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. போருக்கு முன்பு சிரித்த சிரிப்பு அது. வாரக்கணக்கில் கிசுகிசுத்தே பழகியவர்கள் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுப் போனார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். காவலன் சிரித்தான். தூணுக்குப் பின்னால் ஒச்சாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆற்றில் சங்கு முழங்கியது. விருந்தாளி மன்னரின் படகு வந்துவிட்டது. கோழியின் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்த மணிமுடியை மாதவராயரே அவசர அவசரமாகப் புளி போட்டுத் தேய்த்தார், வேட்டிக்குள் குஞ்சுகளோடு. எவ்வளவு தேய்த்தும் இரண்டு கற்களுக்கிடையே சிக்கிய ஒரு செம்பட்டை இறகை மட்டும் அவர் பார்க்கவில்லை.

வடகரை மன்னர் வயதானவர். வந்து அமர்ந்தவர் முதலில் அந்த இறகைத்தான் பார்த்தார். “இது உங்கள் நாட்டு வழக்கமா?” என்று கேட்டார். நன்னிமாறர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மறைக்காமல் முழுக் கதையையும் சொன்னார். கனவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களைப் பற்றியும் சொன்னார்.

“எனக்கும் தூக்கம் இல்லை” என்றார் முதியவர். “உங்கள் ஆட்கள் பக்கத்தில் என் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்களா?”

“கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தக் கரை என்று எனக்குத் தெரியவில்லை.”

அதன் பிறகு ஓலைகளில் எழுதி வைத்திருந்த நிபந்தனைகளை யாரும் வாசிக்கவில்லை. இருவரும் ஆற்றைப் பார்த்தபடி மாலை வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பகை அத்தோடு முடிந்தது.

பொழுது சாயும்போது நகரத்தார் தங்கள் குஞ்சுகளைக் கேட்டு வந்தார்கள். மாதவராயர் ஒவ்வொன்றாகச் சால்வையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு குஞ்சு மட்டும் அவர் அக்குளுக்குள் போய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதன் சொந்தக்காரி கையை நீட்டியபோது அவர் யாரையும் பார்க்காமல், “இது ஒன்று என்னிடம் இருக்கட்டுமே, அம்மா” என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஒச்சாயிக்குக் கோழியையும் குஞ்சுகளையும் மன்னரே பஞ்சாரக் கூடையில் வைத்துக் கொடுத்து, துறை வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பினார். திரும்பி வந்து அம்பலத்தாடியைத் தேடினார். அவன் மண்டபத்துத் தூணில் சாய்ந்து நின்றபடியே தள்ளாடிக்கொண்டிருந்தான்.

“உன்னால் என் முடி கிடைத்தது, சிரிப்பும் கிடைத்தது. என்ன வேண்டும், கேள்” என்றார் மன்னர்.

“மன்னா, ஆணையிட்ட நாளிலிருந்து நான் கண் மூடவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்க உத்தரவு தந்தால் போதும்.”

மன்னர் மறுபடியும் வாய்விட்டுச் சிரித்தார். தம் கழுத்தில் கிடந்த முத்தாரத்தைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். தம் பல்லக்கையே கொண்டுவரச் சொன்னார். அரண்மனை வாசலைத் தாண்டுவதற்குள் அம்பலத்தாடி தூங்கிப்போனான். சுமப்பவர்கள் அதை அறிந்து, அடி மேல் அடி வைத்து, வழக்கமாகப் பாடும் பாட்டையும் பாடாமல், நிலவொளியில் தெருத் தெருவாக மெல்ல நடந்தார்கள்.

உமையாள் கதவைத் திறந்தபோது, வாசலில் மன்னர் பல்லக்கு. உள்ளே முத்தாரத்தோடு வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர்.

“எழுப்பட்டுங்களா, அம்மா?” என்றான் சுமப்பவர்களில் ஒருவன்.

“வேணாம்யா” என்று அவள் உள்ளே போய்ப் போர்வையை எடுத்து வந்து போர்த்தினாள். “அவராவே எழுந்திருக்கட்டும்.”